எடை குறைந்த சக்கரங்கள்: ரோடு பைக்குக்கு வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

ரோடு பைக், அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள், வாங்கி ஒரு வருடம் ஓட்டியவர்களிடம் அடுத்ததாக எழும் ஆசை பெரும்பாலும் சக்கரத்தை மாற்றுவதுதான். அந்த ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆரம்ப விலையிலும் நடுத்தர விலையிலும் விற்கப்படும் பைக்குகளில் ஃபிரேமுக்கும் கியருக்கும் செலவழித்த பிறகு, நிறுவனங்கள் விலையைக் குறைக்கக் கைவைக்கும் இடம் சக்கரங்களும் டயர்களும்தான். பைக்குடன் வரும் அலுமினியச் சக்கர ஜோடி டயர், ட்யூப், கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பு) எதுவும் இல்லாமலேயே 1,900 கிராம் முதல் 2,200 கிராம் வரை இருக்கும். சற்றுக் கூடுதல் விலையில் 1,500 கிராம் அளவிலும், கார்பனில் அதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். அரை கிலோ குறைகிறது, அதுவும் சுழலும் பாகத்தில் குறைகிறது என்றவுடன் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. சாய்வதற்கு முன், அந்த அரை கிலோ நீங்கள் ஓட்டும் சாலையில் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பள்ளியில் படித்த இயற்பியலே அதற்குப் போதும்.

எடை அதிகமாகத் தொல்லை தரும் இடமான மலையேற்றத்தில் தொடங்குவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சாலையின் நீளம் சுமார் 33 கிலோமீட்டர்; அதில் ஏறும் உயரம் ஏறத்தாழ 1,450 மீட்டர். ஓட்டுபவர் 70 கிலோ, பைக்கும் தண்ணீர்ப் போத்தலும் சேர்த்து 10 கிலோ, ஆக மொத்தம் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவர் தொடர்ந்து 200 வாட் ஆற்றலில் மிதித்தால், புவியீர்ப்பு, டயர் உராய்வு, காற்று மூன்றையும் சமாளித்து மேலே சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். இப்போது சக்கரத்தில் 500 கிராமைக் குறைத்துப் பாருங்கள். அரை கிலோவை 1,450 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் சுமார் 7,100 ஜூல். 200 வாட்டால் வகுத்தால் 35 வினாடி வரும். இரண்டு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது ஏறக்குறைய அரை நிமிடம்தான். அந்த அரை கிலோ சக்கரத்தில் குறைந்தாலும், போத்தலில் ஊற்றிய தண்ணீரில் குறைந்தாலும், ஓட்டுபவரின் இடுப்பில் குறைந்தாலும், சீராக ஏறும்போது கிடைக்கும் பலன் ஒன்றேதான்.

இந்த இடத்தில், "சுழலும் எடை இரண்டு மடங்கு கணக்காயிற்றே" என்ற கேள்வி தவறாமல் எழும். அந்தக் கூற்றில் உண்மை இருக்கிறது, ஆனால் அது வேகத்தைக் கூட்டும் தருணங்களுக்கு மட்டுமே பொருந்தும். ரிம்மின் விளிம்பில் உள்ள ஒவ்வொரு கிராமும் பைக்கோடு முன்னே நகர்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால், அதை நிலையிலிருந்து ஒரு வேகத்துக்குக் கொண்டுவர ஃபிரேமில் உள்ள ஒரு கிராமைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 80 கிலோ நிறைக்கு 4,000 ஜூல் வேண்டும். ரிம்மில் 500 கிராம் குறைந்தால் அதில் 50 ஜூல் மிச்சமாகும். 400 வாட்டில் மிதித்துப் பத்து வினாடியில் அந்த வேகத்தை எட்டுபவர், காற்றைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு முன்னதாக எட்டுவார். பந்தயத்தில் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்து, வெளியே வரும்போது முழு வலுவோடு பாய வேண்டியவருக்கு இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு, ஏனென்றால் அந்த வேகத்தில் எட்டில் ஒரு பங்கு வினாடிக்குள் பைக் ஒரு மீட்டருக்கு மேல் கடந்துவிடும், முன்னே செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிக் காற்று மறைவைப் பிடிப்பதும் விடுவதும் அந்த ஒரு மீட்டரில்தான் இருக்கிறது. காலையில் தனியாகவோ நண்பர்களோடோ அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்புபவருக்கு அப்படிப்பட்ட தருணங்கள் சிக்னல்களிலும் மேம்பாலங்களின் அடியிலும் சில முறை வரும், அவ்வளவே. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விற்பனைப் பட்டியலில் காட்டப்படும் எடைக் குறைப்பில் ஒரு பகுதி ரிம்மில் இல்லாமல் ஹப்பில் இருக்கலாம். அச்சுக்கு அருகில் உள்ள அந்த எடைக்கு இந்த இரு மடங்குக் கணக்கு பொருந்தாது.

சமதளத்தில் சீரான வேகத்தில் செல்லும்போது சக்கர எடைக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. குயவரின் திருகையைச் சுற்றிவிடத்தான் வலு வேண்டும், சுற்ற ஆரம்பித்த பின் அதன் பாரம் ஓட்டத்தைத் தடுப்பதில்லை, சக்கரமும் அப்படியே. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கி மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்பவர், நிமிர்ந்த பாங்கிலும் இல்லாமல் மிகக் குனிந்தும் இல்லாமல் இருந்தால், காற்றை விலக்கவே நூறு வாட்டுக்கு மேல் செலவழிக்கிறார். டயர் உராய்வுக்கு முப்பது வாட் அளவு போகிறது. 500 கிராம் குறைந்த சக்கரம் அவருக்கு மிச்சப்படுத்துவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். சமதளத்தில் எடையை விடக் காற்றே பெரிது என்பதைச் சைக்கிள் உலகம் 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரத்தில் கண்ணால் பார்த்தது. ஒரு மணி நேரச் சாதனை முயற்சியில் இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ மோசர், ஸ்போக்குகள் கொண்ட சக்கரங்களை விட்டுவிட்டு, அவற்றைவிடக் கனமான தட்டுச் சக்கரங்களைப் பூட்டி 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். அதற்கு முன், 1972-இல் அதே நகரத்தில் எடி மெர்க்ஸ் நிறுவி வைத்திருந்த அளவு 49.431 கிலோமீட்டர். மோசரின் வெற்றிக்கு வேறு பல காரணங்களும் உண்டு என்றாலும், எடை கூடிய சக்கரம் அவருக்குத் தடையாக இருக்கவில்லை என்பது தெளிவு.

ஆகவே, சமதளத்தில் ஓட்டுபவர் புதுச் சக்கரம் வாங்கத்தான் வேண்டுமென்றால், எடையை விட ரிம்மின் ஆழத்தையும் அகலத்தையும் பார்க்க வேண்டும். 40 முதல் 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள ரிம் காற்றை ஒழுங்காகப் பிரித்து அனுப்பிச் சில வாட்டுகளை மிச்சப்படுத்தும். வேகம் கூடக் கூட அந்தப் பலனும் கூடும். ஆனால் பிற்பகலில் கடற்காற்று பக்கவாட்டில் வீசும் சாலையில், உடல் எடை குறைந்த ஒருவர் ஆழமான முன்சக்கரத்தோடு செல்வது எளிதன்று. வேகமாகக் கடந்து செல்லும் பேருந்து முதலில் காற்றை மறைத்து, கடந்தபின் திடீரெனத் திறந்துவிடும்போது ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கும். அப்படிப்பட்ட சாலைக்கு 30 முதல் 35 மில்லிமீட்டர் ஆழமே போதும் என்பது என் கருத்து.

இனி, சக்கரத்தைப் பற்றி யோசிக்கும் பலர் தாண்டிச் சென்றுவிடும் பாகத்துக்கு வருவோம். பைக்குடன் வரும் விலை குறைந்த டயருக்கும் நல்ல பந்தய வகை டயருக்கும் இடையே உள்ள உருளல் உராய்வு வேறுபாடு, சக்கர எடையால் வரும் வேறுபாட்டைப் பல மடங்கு மிஞ்சுகிறது. உராய்வுக் குணகம் நடுத்தர டயருக்கு 0.005 என்றும் நல்ல டயருக்கு 0.0035 என்றும் எடுத்துக்கொண்டு, அதே கோத்தகிரிச் சாலைக்குத் திரும்பிப் பாருங்கள். 80 கிலோ நிறையின் மீது இந்தச் சிறு வேறுபாடு சுமார் 1.2 நியூட்டன் விசையாகிறது. அதை 33 கிலோமீட்டருக்குப் பெருக்கினால் 38,000 ஜூலுக்கு மேல் வருகிறது. 200 வாட்டில் அது மூன்று நிமிடத்துக்கு மேல். எடைக் குறைப்பு அதிகமாக உதவ வேண்டிய மலைச் சாலையிலேயே, டயர் மாற்றம் தரும் பலன் அரை கிலோ குறைந்த சக்கரம் தரும் பலனைப் போல ஐந்து மடங்கு! சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் அதே டயர் சுமார் பத்து வாட்டை மிச்சப்படுத்துகிறது. சக்கரத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டுமாவது ஒருமுறை தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

டயரில் எடையும் குறைகிறது என்பது கூடுதல் நன்மை. இதைத் தெரிந்துகொள்ள வீட்டுச் சமையலறையில் உள்ள மின்னணுத் தராசு போதும். சக்கரத்தைக் கழற்றி, டயரையும் ட்யூபையும் ரிம் டேப்பையும் தனித்தனியாக எடுத்து நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில் கேசட்டைக் கழற்றிவிட்டு நிறுக்க வேண்டும், டிஸ்க் பிரேக் என்றால் ரோட்டரையும். இரும்புக் கம்பி வைத்த ஓரமுள்ள டயர் ஒன்று 350 கிராம் அளவில் இருப்பதையும், மடித்து வைக்கக்கூடிய வகை 250 கிராம் அளவில் கிடைப்பதையும் பார்ப்பீர்கள். சாதாரண பியூட்டைல் ட்யூப் ஒன்று 100 கிராமைத் தாண்டும். மெல்லிய பிளாஸ்டிக் வகையான டிபியு (TPU) ட்யூப் 40 கிராமுக்குள் அடங்கிவிடும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தால் 300 கிராமுக்கு மேல் குறைகிறது. அந்த எடை முழுவதும் சக்கரத்தின் வெளி விளிம்பில், அதாவது இரு மடங்குக் கணக்கு முழுமையாகப் பொருந்தும் இடத்தில், குறைகிறது. புதுச் சக்கரம் தருவதாகச் சொல்லும் துள்ளலின் பெரும்பகுதி இங்கேயே கிடைத்துவிடும்.

டயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. நம் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறிய மெல்லிய எஃகுக் கம்பித் துண்டுகள் கிடக்கும். முடி போன்ற அந்தக் கம்பி டயருக்குள் மெதுவாக ஏறி, ட்யூபில் ஊசித் துளை இட்டு, சில கிலோமீட்டருக்குப் பிறகே காற்றை இறக்கும். பஞ்சர் ஒட்டியபின் டயரின் உட்புறத்தை விரலால் முழுச் சுற்றும் தடவிக் கம்பியைக் கண்டுபிடித்து எடுக்காவிட்டால் அடுத்த ட்யூபும் போய்விடும். ஆகவே மிக மெல்லிய நேரப்பந்தய டயர் வேண்டாம். பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள, ஆனால் பக்கச் சுவர் மென்மையான டயரை, ஃபிரேம் இடம் கொடுத்தால் 28 மில்லிமீட்டர் அகலத்தில் வாங்குவது நல்லது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த அகலத்துக்கு 100 பிஎஸ்ஐ அடிக்கத் தேவையில்லை; 70 முதல் 75 வரை போதும், மேடுபள்ளமான சாலையில் வேகமும் குறையாது.

டயரும் ட்யூபும் மாற்றியாகிவிட்டது, காற்றும் அளவாக இருக்கிறது என்ற பிறகே சக்கரத்தைப் பற்றிய கேள்வி நியாயமானதாகிறது. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது இருக்கும் சக்கரத்தின் நிலைமையை. பைக்கைத் தலைகீழாக வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே உள்ள இடைவெளியை உற்றுப் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் கோட்டம் இருக்கிறது. ஸ்போக்குகளை, நம் கடைகளில் சொல்வதுபோல் போக்ஸ் கம்பிகளை, இரண்டிரண்டாகக் கையில் சேர்த்து அழுத்தினால் தளர்ந்தவை தெரிந்துவிடும். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஹப்பில் கடகடவென்று ஆட்டம் இருந்தால் பேரிங்கை இறுக்கும் கோன் தளர்ந்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. இவை எல்லாம் நல்ல மெக்கானிக் ஒருவர் சிறு செலவில் சரிசெய்துவிடக்கூடியவை. கோட்டம் எடுத்து, ஹப்பில் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைத்தபின், சக்கரம் மாற்றும் எண்ணத்தையே சிலர் கைவிட்டுவிடுவார்கள். ரிம் பிரேக் பைக்கில் மட்டும் இன்னொரு சோதனை தேவை. பிரேக் கட்டை உரசும் பரப்பில் விரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள்: அது குழிந்து, நகம் பள்ளத்தில் இறங்கி ஏறினால், அல்லது ரிம்மில் வெட்டியிருக்கும் தேய்மானக் கோடோ புள்ளியோ மறைந்துபோயிருந்தால், அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது. அந்த நிலையில் வாங்கலாமா வேண்டாமா என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும், மாற்றும்போது சற்று இலகுவானதாகவும் அகலமானதாகவும் தேர்ந்தெடுக்கலாம்.

சக்கரம் நல்ல நிலையில் இருக்கும்போது, யார் வாங்கலாம்? பந்தயங்களில் கலந்துகொள்பவரும், பயிற்சியும் டயரும் உட்கார்ந்து ஓட்டும் பாங்கும் சரியாக அமைந்தபின் கடைசி அரை நிமிடத்தைத் தேடுபவரும் வாங்கலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் அடிக்கடி ஏறி, தன் முந்தைய நேரத்தோடு போட்டி போடுவதில் மகிழ்ச்சி காண்பவரும் வாங்கலாம். பழைய ரிம் மிகக் குறுகலாக இருப்பதால் அகலமான டயர் போட முடியாதவருக்கு வாங்குவது நிச்சயமாகப் பயன் தரும், ஆனால் அங்கே பலன் எடையால் வருவதன்று, அகலத்தால் வருவது. பைக் கையில் இலகுவாகத் துள்ள வேண்டும், அந்த உணர்வே எனக்குப் போதும் என்பவரும் தாராளமாக வாங்கலாம்; உணர்வு பொய்யன்று, எழுந்து நின்று மிதிக்கும்போது இலகுவான சக்கரம் பக்கவாட்டில் எளிதாக ஆடிக்கொடுப்பது உண்மையாகவே தெரியும். அதை வேகம் என்று எண்ணிப் பணத்தைக் கொட்டிவிடக் கூடாது என்பதே என் அக்கறை.

வாங்க வேண்டாம் என்று நான் சொல்லக்கூடியவர்களில் முதலானவர்கள் பிரவே (brevet) எனும் நெடுந்தூரப் பயணங்களை ஓட்டுபவர்கள். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 600 கிலோமீட்டருக்கு 40 மணி என்று வரையறுத்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய அந்தப் பயணங்களில், முடிப்பதும் முடிக்காததும் சக்கரம் தாக்குப்பிடிப்பதைப் பொறுத்தது. எடையைக் குறைப்பதற்காக 20 அல்லது 24 ஸ்போக்குகளோடு கட்டப்பட்ட சக்கரத்தில் ஒன்று அறுந்தால், ரிம் உடனே ஒரு பக்கம் வளைந்து, பிரேக்கிலோ ஃபிரேமிலோ உரசத் தொடங்கும். இரவு இரண்டு மணிக்கு எந்த ஊரிலும் அந்த நீளத்தில் தட்டையான ஸ்போக் கிடைக்காது. 28 அல்லது 32 ஸ்போக்குகள் உள்ள சக்கரத்தில் ஒன்று அறுந்தாலும், பக்கத்துக் கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி இறுக்கி வீடு வந்து சேர்ந்துவிடலாம். உடல் எடை 90 கிலோவைத் தாண்டியவர்களுக்கும், தினமும் வேலைக்குப் பையோடு செல்பவர்களுக்கும், வேகத்தடைகளும் குழிகளும் நிறைந்த சாலையில் ஓட்டுபவர்களுக்கும் இதே ஆலோசனைதான். சக்கரம் வாங்குமுன், அது தாங்கக்கூடிய அதிகபட்ச எடை எவ்வளவு என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பதைப் படியுங்கள்; அது ஓட்டுபவர், பைக், சுமை மூன்றையும் சேர்த்த அளவா என்பதையும் பாருங்கள்.

ரிம் பிரேக் பைக்குக்குக் கார்பன் ரிம் வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. கோத்தகிரியிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருபவரின் ரிம் கடுமையாகச் சூடேறும். அலுமினியம் அந்தச் சூட்டை எளிதாகக் கடத்திவிடும், கார்பன் கடத்தாது. சூடு மிஞ்சினால் ரிம்மின் பக்கச் சுவர் உப்பிப் பிளக்கவும் வாய்ப்புண்டு. மழையில் கார்பன் பரப்பில் பிரேக் பிடிப்பு மேலும் குறைகிறது. டிஸ்க் பிரேக் பைக்கில் இந்தக் கவலை இல்லை.

பொருந்துமா என்ற கேள்வியில் தவறினால் வாங்கிய சக்கரம் சுவரில்தான் சாய்ந்திருக்கும். பின் ஹப்பின் அகலம் ரிம் பிரேக் ரோடு பைக்கில் 130 மில்லிமீட்டர், நெம்புகோலால் இறுக்கும் குவிக் ரிலீஸ் உள்ள டிஸ்க் பைக்கில் பெரும்பாலும் 135, ஃபிரேமில் திருகி இறுக்கும் தடித்த அச்சான துரு ஆக்சில் உள்ளதில் 142. கேசட் ஏறும் ஃப்ரீஹப் ஷிமானோ வகையா, ஸ்ராமின் எக்ஸ்டிஆர் (XDR) வகையா, கேம்பக்னோலோவா என்று உறுதிசெய்ய வேண்டும். ஷிமானோவிலேயே 11 கியர் ரோடு ஃப்ரீஹப் பழைய 10 கியருடையதைவிட 1.85 மில்லிமீட்டர் நீளமானது. பழைய கேசட்டை அதில் போட இடையில் ஒரு வளையம் வைக்க வேண்டும். விலை குறைந்த 7 கியர் பைக்குகள் பலவற்றில் திருகி ஏற்றும் ஃப்ரீவீல்தான் இருக்கும். அது புதுச் சக்கரத்தில் ஏறாது, கேசட்டையும் புதிதாக வாங்க வேண்டும். டிஸ்க் ரோட்டர் நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர் லாக்கா, ஆறு போல்ட்டா என்பதையும் பாருங்கள். டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி ஓரம் இல்லாத ரிம் என்றால், அதற்கென்று அனுமதித்த ட்யூப்லெஸ் டயர் மட்டுமே போட வேண்டும், காற்றழுத்தம் 5 பாரை, அதாவது சுமார் 72 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது.

விலையைக் கிராமால் வகுத்துப் பார்ப்பது தெளிவு தரும். சக்கர ஜோடி 45,000 ரூபாய், குறையும் எடை 500 கிராம் என்றால் ஒரு கிராமுக்கு 90 ரூபாய். நல்ல டயரும் டிபியு ட்யூபும் சேர்த்து 12,000 ரூபாய், குறையும் எடை 300 கிராம் என்றால் கிராமுக்கு 40 ரூபாய், உராய்வில் கிடைக்கும் பலன் தனி. இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள்; உங்கள் கடையில் சொல்லும் விலையையும், உங்கள் தராசு காட்டும் எடையையும் போட்டு வகுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள எடையில் ரிம் டேப்பும், வால்வும், குவிக் ரிலீஸ் கம்பியும் பெரும்பாலும் சேர்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

முடிந்தால், அளவு பொருந்தும் நண்பர் ஒருவரின் இலகுவான சக்கரங்களை ஒரு வாரம் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் உங்கள் டயரையே மாட்டி, அதே காற்றழுத்தம் வைத்து, வழக்கமாக ஏறும் மேட்டை அதே முயற்சியில் சில முறை ஏறி நேரத்தைக் குறியுங்கள்; பவர் மீட்டர் இருந்தால் வாட்டைச் சமமாக வைக்கலாம், இல்லாவிட்டால் இதயத் துடிப்பைப் பார்த்து ஓட்டலாம். டயரை மாற்றாமல் ஒப்பிடுவது முக்கியம். புதுச் சக்கரத்தோடு புது டயரும் போட்டுவிட்டு வரும் வேகம் முழுவதையும் சக்கரத்தின் கணக்கில் எழுதுவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், கோட்டம் எடுக்கவும் உதிரி ஸ்போக் தரவும் உங்கள் ஊரிலேயே ஆள் இருக்கும் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்து, வாங்கும்போதே இரு பக்கத்துக்கும் இரண்டிரண்டு உதிரி ஸ்போக்குகளையும் நிப்பிள்களையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டரில் ஸ்போக்குகள் அமர்ந்து இழுவை சற்று மாறும் என்பதால், அதன் பிறகு ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டி இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். பழைய சக்கரங்களை விற்றுவிட வேண்டாம், அவற்றுக்குப் பெரிய விலை கிடைக்காது. கனமான டயரோடு அப்படியே வைத்திருந்தால் மழைக்காலத்துக்கும், வீட்டில் டிரெய்னரில் மிதிப்பதற்கும் அவை பல வருடம் உழைக்கும்.